விடை வராத விண்ணப்பம்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுவதை இன்றும் கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, உறவுகளைப் பிரிக்கவில்லை. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும், பெண் எடுத்த வீடு மற்றொரு மாநிலத்திலும் இருப்பது இங்கே வியப்பன்று. ஆதலின், சான்றிதழ், உதவித்தொகை, நில வரி என்று எதற்கேனும் அரசு அலுவலகத்தை நாடுவோர்க்கு இங்கே மற்ற ஊர்களைக் காட்டிலும் எழுத்து வேலை மிகுதி.

அவ்வெழுத்து வேலை இன்று கணிப்பொறி வழியே நடைபெறுகிறது. தெருமுனையில் உள்ள சேவை மையத்திற்குச் சென்று, கட்டணம் செலுத்தி, திரையில் உள்ள பெட்டிகளை நிரப்பச் செய்து, 'சமர்ப்பி' என்னும் பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் சென்று சேரும். சேராதபோதுதான் தொல்லை. திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும். 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. மையத்தில் இருப்பவர், 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்பார். நாம் இன்று விளக்கப் புகுவது அச்சுழலும் வட்டத்தின் பின்னே நிகழ்வது யாது என்பதையும், அதன் காரணத்தைக் கண்டறியும் வழியையுமே ஆகும்.

சர்வர் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. சிற்றுண்டிச் சாலையில் நமக்கு இட்டிலியும் காப்பியும் கொண்டுவந்து வைப்பவரைச் சர்வர் என்றே நெடுங்காலமாக அழைத்து வருகிறோம். கணிப்பொறித் துறையில் இச்சொல்லுக்குச் 'சேவையகம்' என்று நாம் மொழிபெயர்த்து எழுதுகிறோம். எழுதுகிறபோதெல்லாம், பழைய சர்வரே பொருளை இன்னும் தெளிவாகக் காட்டுகிறார் என்னும் எண்ணமும் நமக்கு உண்டாவது வழக்கம். நாம் கேட்பதைக் கொண்டுவருவது அவர் பணி. அடுக்களையில் சமைப்பவர் வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மீதி எளிதில் விளங்கும்.

முற்காலத்து வலைப்பக்கங்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கம் முழுவதும் மாறியே தீரும். ஒரு காப்பி வேண்டுமென்றால் மேசையில் உள்ள இலை, தண்ணீர், தட்டு அனைத்தையும் எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து பரிமாறுவதைப் போன்ற ஏற்பாடு அது. 1999-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டு நிறுவனத்தார் தம் ஐந்தாம் பதிப்பு உலாவியில் ஒரு புதிய வசதியை வைத்தனர். பக்கம் அப்படியே இருக்க, அதனுள் இயங்கும் நிரல் மட்டும் சேவையகத்தோடு மறைவாகப் பேசி விடையைப் பெறலாம். மின்னஞ்சலை உலாவியில் படிப்பதற்காக எழுந்த ஏற்பாடு அது. 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தாம் எழுதிய கட்டுரையொன்றில் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். சொல்லியனுப்பிவிட்டு, விடை வரும்வரை கைகட்டி நிற்காமல் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் முறை ஆதலால் இதனை 'ஒத்திசையா வேண்டுகோள்' என்கிறோம். மொழிபெயர்ப்பு சற்றுக் கரடுமுரடாகவே இருக்கிறது. ஆயினும் இதனினும் நல்லது நமக்கு இதுவரை கிட்டவில்லை.

சேவையகம் தரும் ஒவ்வொரு விடையின் தலையிலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்பண்டம் இங்கே இல்லை. 400 என்றால் நீர் கேட்டது விளங்கவில்லை. 403 என்றால் அது உமக்கு இல்லை. நானூறில் தொடங்குவன யாவும் கேட்டவர் பக்கம் திருத்தவேண்டியது ஏதோ உண்டு என்று கூறுவன. ஐந்நூறில் தொடங்குவன அவ்வாறல்ல. 500 என்பது, 'நீர் கேட்டது என் காதில் விழுந்தது. அடுக்களையில் ஏதோ கவிழ்ந்துவிட்டது' என்பதாம். 502 என்பது சர்வர் அடுக்களையிலிருந்து பொருளற்ற விடையைப் பெற்றார் என்பதும், 504 என்பது காத்துக் காத்து விடையே பெறவில்லை என்பதும் ஆகும். எனவே 500 என்னும் எண்ணைக் கண்டவர், தம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கருதுதல் தவறு. அதனை எவரும் படித்துப் பார்த்து மறுக்கவில்லை. படிக்கும் முன்னரே இயந்திரம் இடறியது.

பழைய முறையில் இவ்வெண் திரையில் பெரிதாகத் தோன்றும், எவரும் காணலாம். ஒத்திசையா முறையிலோ விடையைப் பெறுவது பக்கத்தினுள் இருக்கும் நிரலே. அந்நிரல் நமக்குச் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. இங்கே நிரல் எழுதுவோர் பலர் இடறும் இடம் ஒன்று உளது. இக்காலத்து உலாவிகளில் வேண்டுகோளை அனுப்பப் பயன்படும் 'ஃபெட்ச்' என்னும் கருவி, 500 என்னும் விடை வந்தாலும் அதனைத் தோல்வியாகக் கொள்வதில்லை. விடை என்று ஒன்று வந்ததன்றோ, ஆதலின் வெற்றி என்றே கொள்ளும். கம்பி அறுந்து விடையே வராதபோதுதான் தோல்வி என்னும். தோல்விக்குரிய வழியை மட்டும் எழுதிவிட்டு, விடையின் எண்ணைச் சோதிக்காமல் விட்ட நிரலர், 500 வரும்போது அதனையும் நல்விடை என்று எண்ணி உள்ளே புகுவார். தாம் எதிர்பார்த்த 'ஜேசன்' வடிவக் குறிப்புக்குப் பதிலாக அங்கே பிழைப்பக்கத்தின் எச்.டி.எம்.எல். கிடக்கும். அதன் முதற்குறியிலேயே நிரல் தடுக்கி விழும். வட்டத்தை நிறுத்தும் கட்டளை அதற்குப் பின் இருந்தால், வட்டம் என்றும் நிற்காது.

இவ்வளவையும் நாம் நூலில் மட்டும் படித்தோம் அல்லோம். பாறசாலைக்கு அருகில் நம் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில், அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சென்று இரண்டு நாளாகத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் அவள் தந்தை நம்மையும் உடன் அழைத்தார். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. அப்படிவத்தில், முகவரியைத் தாய்மொழியில் எழுதுக என்று ஒரு பெட்டி. அவள் தமிழில் எழுதியிருந்தாள். 'சேமி' என்று அழுத்தினால் வட்டம் சுழன்றது. தந்தையார் நம்மைத் தனியே அழைத்துச் சொன்னார்: 'நம்ம பாசையில எழுதினா எடுக்காது சார். எனக்குத் தெரியும்.'

எல்லைப்புறத்தில் வாழும் ஒருவர் வாயிலிருந்து அச்சொல் வருவதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குறை தீர்க்க வேண்டி எவரும் ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பம் அளிக்கலாம் என்று நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடந்தருகிறது. ஏட்டில் உள்ள இவ்வுரிமை, ஒரு சிறு வட்டத்தில் சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. அது ஒருவரது மனக்கோணலா, இயந்திரக் கோளாறா என்பதை அறிந்துகொள்ளாமல் எழுந்து வருதல் நமக்கு ஒப்பவில்லை.

நம் தங்கை மகன் திருவனந்தபுரத்தில் மென்பொருள் தொழில் பார்ப்பவன். அவன் முதலிற் கேட்ட கேள்வி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. 'மாமா, நம்மளுக்கு அடுத்து நின்னவங்க விண்ணப்பம் போச்சா?' போயிற்று. அதே கணிப்பொறி, அதே நாற்காலி, அதே படிவம். ஐந்து நிமிடம் கழித்து மற்றொருவருடையது போயிற்று. அவ்வாறாயின் சர்வர் டவுன் என்பது பொய். சேவையகம் கீழே விழுந்திருந்தால் எல்லாருக்குமன்றோ விழுந்திருக்க வேண்டும்? ஒருவருக்கு நடந்து, மற்றவருக்கு நடவாதபோது, இருவர் அனுப்பியதிலும் உள்ள வேற்றுமை யாது என்பதே தேடவேண்டிய பொருள்.

மையத்தினரின் இசைவோடு அவன் விசைப்பலகையில் எஃப் 12 என்னும் விசையை அழுத்தினான். திரையின் கீழ்ப்பாதியில் வேறொரு பலகை திறந்தது. அதில் 'நெட்வொர்க்' என்னும் தாவலைத் தேர்ந்தால், பக்கம் மறைவாக அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் வரிவரியாகத் தோன்றும். இப்பலகையைத் திறந்து வைத்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். முன்னர் நிகழ்ந்ததை அது காட்டாது. 'சேமி' என்று மீண்டும் அழுத்தியபோது, சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. எண் 500. மேலே வட்டம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கீழே விடை வந்து முக்கால் நிமிடம் ஆகியிருந்தது!

அவ்வரியைச் சொடுக்கினால் மூன்று செய்திகள் கிடைக்கும். நாம் அனுப்பியது யாது. அங்கிருந்து வந்த விடையின் உடல் யாது. தலைப்புகள் யாவை என்பன. விடையின் உடலில் காரணம் ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பெண் மட்டும் இருந்தது. இதற்காகச் சேவையகத்தாரைக் குறை கூறலாகாது. உள்ளே நிகழ்ந்த பிழையின் முழு விவரத்தையும் வெளியார்க்குக் காட்டுவது, வீட்டின் பூட்டு எவ்விடத்தில் பழுது என்று வாசலில் எழுதி ஒட்டுவதற்கு ஒப்பாகும். உண்மைக் காரணம் சேவையகத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்பெண்ணும், நிகழ்ந்த மணி நிமிடமும் இருந்தால், அதனைக் காக்கும் நிரலர் பதிவேட்டின் பல்லாயிரம் வரிகளில் உரிய வரியை நொடியில் எடுத்துவிடுவார். 'உங்கள் தளம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் இயலாது.

பதிவேடு நம் கையில் இல்லை. எனவே வெளியிலிருந்தே சோதிக்கத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பது இச்சோதனையின் விதி. முகவரியை ஆங்கில எழுத்தில் இட்டோம்; சேமிக்கப்பட்டது. மீண்டும் தமிழில்; 500. தந்தையார் நம்மைப் பார்த்தார். 'நான் சொன்னேனே' என்னும் பார்வை. ஆனால் பையன் அதோடு நிற்கவில்லை. அதே முகவரியை மலையாளத்தில் அடித்தான். அதுவும் 500! பின்னர், ஊரின் பெயரை மட்டும் தமிழில் இட்டான், தடையின்றிச் சேமிக்கப்பட்டது. ஆக, இயந்திரம் தமிழை வெறுக்கவில்லை. மலையாளத்தை விரும்பவும் இல்லை. நீளமான தமிழும் நீளமான மலையாளமும் அதன் தொண்டையில் சிக்கின.

காரணம் எழுத்தின் அளவை. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கணிப்பொறியில் சேமிக்க 1992-ஆம் ஆண்டில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்-8 என்னும் முறையே இன்று வலையெங்கும் வழங்குவது. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். மலையாளத்திற்கும் அவ்வாறே. மேலும் நாம் ஓரெழுத்து என்று எண்ணும் 'நெ' கணிப்பொறிக்கு இரண்டு குறி: நகரம் ஒன்று, கொம்பு ஒன்று. 'நெய்யாற்றின்கரை' என்பதை நாம் எழுத்தெண்ணினால் எட்டு. கணிப்பொறி எண்ணினால் 15 குறி. சேமிக்கும்போது 45 பைட். அதே ஊரை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து, 13 பைட், முடிந்தது. தமிழ் கற்ற நமக்கே இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது சற்று மலைப்பாக இருந்தது.

அப்பெண்ணின் முகவரி வரியை எண்ணினோம். தமிழ்க் குறிகள் 41. இடைவெளியும் காற்புள்ளியுமாக 5. மும்முறை 41, 123. ஐந்தைக் கூட்ட 128 பைட். திரையில் இருந்த பெட்டி நூறு எழுத்துவரை ஏற்பதாக இருந்தது. ஆதலின் அது தடுக்கவில்லை. பையன் வரியின் கடைசியிலிருந்து ஒவ்வொரு குறியாக நீக்கிச் சேமித்துப் பார்த்தான். 101 பைட்டில் விழுந்தது. 98 பைட்டில் நின்றது. உள்ளே உள்ள அறையின் அளவு 100 பைட் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வாசலை எழுத்தால் அளந்தவர் ஒருவர். அறையைப் பைட்டால் அளந்தவர் மற்றொருவர். தரவுத்தளங்களில் இவ்விரு அளவையும் உண்டு. சிலவற்றில் தனியே குறிப்பிடாவிட்டால் பைட்டே அளவாகும். சிலவற்றில் எழுத்தே அளவாகும். ஆங்கிலம் ஒன்றையே சோதித்துப் பார்த்தவர்க்கு இவ்வேற்றுமை என்றும் தென்படாது.

சந்தின் பெயரை விடுத்து, வீட்டின் பெயரும் அஞ்சலகமும் மட்டும் தமிழில் இட்டு அன்றே விண்ணப்பத்தைச் சேர்த்தோம். பதிவெண் வந்தது. தந்தையார் அந்த எண்ணைச் சட்டைப்பையில் இருந்த காகிதத்தில் இருமுறை எழுதிக்கொண்டார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. 'சேமி' என்னும் பொத்தான் வரைவை வைப்பது ஆதலின் நாம் பன்முறை அழுத்தினோம். 'சமர்ப்பி', 'பணம் செலுத்து' என்பவற்றில் அவ்வாறு செய்யலாகாது. 500 வந்தது என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளன்று. விண்ணப்பம் பதிவாகி, அதன்பின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் இடத்தில் நிரல் இடறியிருந்தாலும் விடை 500 தான். 504 வரும்போதோ வேலை முழுவதும் முடிந்து, விடை மட்டும் வழியில் பிந்தியிருக்கலாம். மீண்டும் அழுத்தினால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். முதலில் 'என் விண்ணப்பங்கள்' என்னும் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் பார்த்துவிட்டே மறுமுறை முயல வேண்டும். நிரல் எழுதுவோர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி அடையாள எண் இட்டு அனுப்பினால், அதே எண் மறுமுறை வரும்போது சேவையகம் புதிதாகப் பதியாமல் முன்னைய விடையையே தரும். நல்ல வழிதான், வைத்தவர்களிடத்தில் மட்டும் பயன்படும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. பக்கம் ஒரு தளத்திலும், விடை தரும் சேவையகம் வேறொரு தளத்திலும் இருந்தால், வேற்றுத் தளத்தார்க்கு விடையைக் காட்டலாம் என்னும் இசைவுக்குறிப்பு விடையின் தலைப்பில் இருக்க வேண்டும். பிழை நேர்ந்தபோது சில சேவையகங்கள் அக்குறிப்பை இட மறந்துவிடும். அப்போது உலாவி 500-ஐ நிரலுக்குக் காட்டாமல், தளம் கடந்த வேண்டுகோள் தடுக்கப்பட்டது என்று வேறொரு குற்றத்தைக் கூறும். அதனை நம்பி இசைவுக்குறிப்பையே திருத்திக்கொண்டிருந்து நாட்களை இழந்தோர் பலர். முதலில் 500-இன் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

எல்லாருக்கும் ஒருசேர விடை வராத நாளும் உண்டு; அது வேறு இனம். அமரவிளைச் சோதனைச் சாவடியில் சரக்குந்துகள் வரிசையாக நின்ற காலத்தை இவ்வூரார் மறந்திரார். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வலைத்தளத்திலேயே மின்வழிச் சீட்டு எடுக்கும் முறை, 2018 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் தொடங்கியது. தளம் சுமை தாங்கவில்லை, அன்றே ஒத்திவைக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் மீண்டும் தொடங்கி நடைபெறுகிறது. அத்தகைய நாளில் நம் எழுத்தைக் குறைத்தும் கூட்டியும் பயனில்லை. அடுத்து நிற்பவரைக் கேட்க வேண்டும் என்று பையன் சொன்னது இதற்காகவே.

ஊர் திரும்பியதும் அவ்வலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். நாள், மணி, குறிப்பெண், அனுப்பிய வரி, 98-இல் நின்றதும் 101-இல் விழுந்ததும், மலையாளத்திலும் அவ்வாறே நேர்ந்ததும் ஆகிய அனைத்தையும் ஒரு பக்கத்திற்குள் அடக்கினோம். கோபச் சொல் ஒன்றும் இடவில்லை. இட்டிருந்தால் கடிதம் வேறு மேசைக்குச் சென்றிருக்கும் என்பது நம் அலுவலக அனுபவம். ஆறு வாரம் கழித்து இரண்டே வரியில் விடை வந்தது: பெட்டியின் அளவு விரிவாக்கப்பட்டது என்றும், வேறு மூன்று பெட்டிகளிலும் அதே குறை கண்டு திருத்தப்பட்டது என்றும். வட்டம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை இல்லை. அதனை மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறோம். அந்த வாரமே தந்தையார் சேவை மையத்திற்குச் சென்று, விடுபட்ட சந்தின் பெயரையும் தமிழில் சேர்த்துவிட்டு வந்தார்.